32 மில்லிமீட்டருக்குள் ஒரு கொலுசு எண்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரும்புப் பெட்டியில் இருந்த கொலுசுகள் அனைத்தையும் ஸ்கேனரால் வாசித்து, இருப்புக் கணக்கை மூன்றரை மணி நேரத்தில் முடித்தோம். கடந்த ஆண்டு வரை இதே வேலை ஆடிப் பண்டிகைக்கு முந்தைய இரண்டு முழு நாட்களை விழுங்கியது. அப்படியும் கடைசியில் ஏழெட்டு ஜோடிகள் கணக்கில் இடிக்கும். இந்த நிலைக்கு வந்து சேர ஐந்து வாரங்களும் ஏறத்தாழ 400 வீணான லேபிள்களும் ஆயின. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தாய்மாமா வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறார். சிவதாபுரம், பள்ளப்பட்டி பகுதிகளில் உள்ள பட்டறைகளிலிருந்து வரும் கொலுசுகளை எடை போட்டு, டிசைன் வாரியாகப் பிரித்து, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவது தொழில். கணக்கு என் பொறுப்பு. ஒரு சோப்புக்கட்டிக்கும் கொலுசுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது. ஒரே வகைச் சோப்புகள் ஆயிரம் இருந்தாலும் அவை அனைத்துக்கும் ஒரே பார்கோடு போதும். கொலுசில் ஒரே டிசைன், ஒரே நீளம் என்றாலும் ஒரு ஜோடி 42.49 கிராம் இருக்கும், அடுத்தது 43.12 இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஜோடிக்கும் தனி எண் வேண்டும். விரிதாளில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரிசை வேண்டும். அதுவரை நாங்கள் நூல் கட்டிய சிறு அட்டையில் எடையையும் டச்சையும் (வெள்ளியின் தூய்மை அளவு) பேனாவால் எழுதித் தொங்கவிட்டு வந்தோம். நான்கு பேர் கைபட்டால் வியர்வையில் எழுத்து கலைந்து, 3 எது, 8 எது என்று தெரியாமல் மறுபடியும் தராசுக்குப் போக வேண்டியிருந்தது.

முதல் முயற்சியைக் கையில் இருப்பதை வைத்தே தொடங்கினேன். பழைய பேருந்து நிலையம் அருகில் ஒரு கடையில் ஏ4 ஸ்டிக்கர் தாள் வாங்கினேன். ஒரு தாளில் 65 லேபிள்கள், ஒவ்வொன்றும் 38.1 மில்லிமீட்டர் அகலம், 21.2 மில்லிமீட்டர் உயரம். கோட்-39 வகைப் பார்கோடு எழுத்துரு ஒன்றைக் கணினியில் நிறுவி, விரிதாளில் உள்ள எண்களை மெயில் மெர்ஜ் வழியாக லேபிள் தாளுக்குக் கொண்டுவந்தேன். கோடுகள் அழகாக அச்சாயின; ஸ்கேனர் மட்டும் வாய் திறக்கவில்லை. கோட்-39 எழுத்துருவில் எண்ணுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால்தான் ஸ்கேனருக்குத் தொடக்கமும் முடிவும் தெரியும் என்பதை அறிய அரை நாள் ஆயிற்று. விரிதாளிலேயே புதிய நெடுவரிசை ஒன்றில் நட்சத்திரம், எண், நட்சத்திரம் எனச் சேர்த்த பிறகு ஸ்கேனர் வாசிக்கத் தொடங்கியது.

அடுத்த தொல்லை தாளின் அடிப்பகுதியில் தெரிந்தது. மேல் வரிசையில் லேபிளின் நடுவே நின்ற பார்கோடு, கீழே போகப் போக மேலேறி, கடைசி வரிசையில் மேல் விளிம்பைத் தாண்டி முந்தைய லேபிளுக்குள் போயிருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்ததில் விலகல் 8 மில்லிமீட்டர். அச்சிடும் சாளரத்தில் பக்கத்துக்குள் அடக்கும் தெரிவு இயங்கிக்கொண்டிருந்தது. அது எல்லாவற்றையும் 97 விழுக்காட்டுக்குச் சுருக்கியிருந்தது. 13 வரிசைகளின் மொத்த உயரம் 275.6 மில்லிமீட்டர், அதில் 3 விழுக்காடு என்பது ஏறத்தாழ அந்த 8 மில்லிமீட்டர்தான். அளவை 100 விழுக்காட்டில் நிறுத்தியதும் சரியாயிற்று. எடையிலும் ஒரு கோளாறு: விரிதாளில் 42.49 என்று இருந்த எடை சில லேபிள்களில் புள்ளிக்குப் பின் பதினைந்து இலக்கங்களோடு நீண்டு வந்தது. எண்ணாக அனுப்பாமல், டெக்ஸ்ட் சூத்திரத்தால் இரண்டு தசம இடங்கள் கொண்ட எழுத்தாக மாற்றி அனுப்பினால் அது வராது. 42.50 என்பது 42.5 என்று சுருங்குவதும் அதோடு நின்றது.

இவ்வளவும் சரிசெய்த பின் அந்த முறையையே கைவிட வேண்டியதாயிற்று. தட்டையான ஸ்டிக்கரைக் கொலுசில் ஒட்ட முடியாது என்பதால் கொலுசு இருக்கும் பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருந்தோம். கடைக்காரர் ஒருவர் வந்து பத்து ஜோடியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தபோது, மூன்று கொலுசுகள் உறை மாறிப் போயின. எண் உறைக்குச் சொந்தமாக இருந்தால் அது உறையின் கணக்கே தவிர கொலுசின் கணக்கு ஆகாது. இதை முதல் நாளே யோசித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

நகைக்கடைகளில் பயன்படுத்தும் வால் லேபிள்தான் வழி என்று முடிவாயிற்று. நான் வாங்கிய லேபிளின் மொத்த நீளம் 100 மில்லிமீட்டர், உயரம் 15. அதில் 65 மில்லிமீட்டர் அச்சிடும் பகுதி. மீதி 35 மெல்லிய வால். வாலைக் கொக்கிக்குப் பக்கத்து வளையத்தில் நுழைத்து, அச்சிடும் பகுதியை நடுவில் மடித்து, இரண்டு பாதியையும் முதுகோடு முதுகாக ஒட்டிவிட வேண்டும். காகிதம் இல்லை, கிழியாத பாலியெஸ்டர் படலம். இதற்கென்று ரிப்பனில் உள்ள மையைச் சூட்டால் லேபிளில் பதிக்கும் 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டர் ஒன்று 12,400 ரூபாய்க்கும், யூஎஸ்பி ஸ்கேனர் ஒன்று 1,850 ரூபாய்க்கும் வாங்கினோம்.

பிரிண்டர் வந்த அன்று ஒரு லேபிள்கூட இடத்தில் நிற்கவில்லை. ஒன்று பாதியில் தொடங்கியது, அடுத்தது இரண்டு லேபிள்களின் நடுவே விழுந்தது. லேபிளுக்கும் லேபிளுக்கும் உள்ள 3 மில்லிமீட்டர் இடைவெளியை ஒளியால் உணரும் சென்சார் ஒன்று பிரிண்டருக்குள் இருக்கிறது. அது பக்கவாட்டில் நகரக்கூடியது. அது வாலின் கீழே நின்றுகொண்டிருந்தது. வால் மிக மெல்லியது என்பதால் அதற்கு மேலும் கீழும் இருந்த வெற்றிடம் முழுவதும் அதன் கண்ணுக்கு இடைவெளியாகவே பட்டது. சென்சாரை விரலால் நகர்த்தி அச்சிடும் பகுதிக்கு நேர் கீழே நிறுத்தி, அளவுத்திருத்தத்தை மறுபடியும் ஓட்டியதும் லேபிள்கள் வரிசைக்கு வந்தன.

இனிதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அச்சிடும் பகுதி 65 என்றாலும், மடிப்பு நடுவில் வருவதால் பார்கோடுக்குக் கிடைப்பது 32.5 மில்லிமீட்டர்தான். எங்கள் பழைய எண் முறையில் டிசைனைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஒரு சிறு கோடு, ஐந்து இலக்கங்கள் என எட்டு குறிகள் இருந்தன. நான் அதைக் கோட்-128 வகையில் அச்சிட்டேன். லேபிள் கட்டும் அக்காதான் முதலில் கண்டுபிடித்தார்: "தம்பி, மடிக்கிற எடத்துல கோடு போவுது பாருங்க." கடைசி இரண்டு கோடுகள் மடிப்பைத் தாண்டி மறுபக்கம் போயிருந்தன. நான் பார்கோடைச் சுட்டியால் இழுத்துச் சுருக்கினேன். அகலம் அடங்கியது, ஆனால் பத்தில் ஆறு லேபிள்களை ஸ்கேனர் வாசிக்க மறுத்தது.

காரணத்தை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே புரிந்துகொண்டேன். 203 டிபிஐ பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். அரைப் புள்ளியை அந்த இயந்திரத்தால் அச்சிட முடியாது. மிக மெல்லிய கோட்டுக்கு 2 புள்ளி என்றால் எல்லாக் கோடுகளும் 2, 4, 6, 8 என்று ஒழுங்காக விழும். இழுத்துச் சுருக்கும்போது அது 1.7 புள்ளி என்று ஆகி, ஒரு கோடு 1 புள்ளியாகவும் பக்கத்துக் கோடு 2 புள்ளியாகவும் விழுகிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஸ்கேனருக்குத் தெரியும்.

அப்படியானால் சுருக்காமல் எவ்வளவு இடம் வேண்டும்? மிக மெல்லிய கோட்டின் அகலத்தை ஓர் அலகு என்று கொள்வோம். கோட்-128இல் ஒவ்வொரு குறிக்கும் 11 அலகுகள். தொடக்கக் குறி 11, சரிபார்ப்புக் குறி 11, முடிவுக் குறி 13. எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு குறிகளுக்கு 88, அதோடு 35 சேர்த்து 123 அலகுகள். ஓர் அலகு 0.25 மில்லிமீட்டர் என்றால் 30.75. இரு புறமும் பத்துப் பத்து அலகு வெற்றிடம் விட வேண்டும் என்பது விதி. அதற்கு இன்னொரு 5 மில்லிமீட்டர். மொத்தம் 35.75. எங்களிடம் இருப்பது 32.5. எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

கோட்-128க்குள் வெறும் இலக்கங்களுக்கென்று ஒரு தனித் தொகுதி இருக்கிறது. அதில் இரண்டு இலக்கங்கள் சேர்ந்து ஒரே குறியாக, அதே 11 அலகுகளுக்குள் அடங்கும். எட்டு இலக்கங்கள் என்றால் நான்கு குறிகள். 44 அலகும் 35 அலகும் சேர்ந்து 79. அதாவது 19.75 மில்லிமீட்டர், வெற்றிடத்தோடு 24.75. தாராளமாக அடங்குகிறது. அதிக விலை கொடுத்து 300 டிபிஐ பிரிண்டர் வாங்கியிருந்தாலும் பழைய எண்ணை அடக்கியிருக்கலாம். எண்ணை மாற்றுவதற்குச் செலவே இல்லை. ஓர் இலக்கத்தைக் குறைத்து ஏழாக்கினால் இன்னும் சிறியதாகும் என்று எண்ணி அதையும் அச்சிட்டுப் பார்த்தேன், பெரியதாகிவிட்டது. மூன்று இணைகள் போக மீந்த ஒற்றை இலக்கத்துக்காகத் தொகுதி மாற வேண்டும், அந்த மாற்றத்துக்கே ஒரு குறி செலவாகும் என்பதால் மொத்தம் 90 அலகுகள். இரட்டைப்படை இலக்கங்கள் என்பதை அன்றே சுவரில் எழுதி ஒட்டினேன்.

எண்ணில் டிசைன் தெரிய வேண்டும் என்பது மாமாவின் விருப்பம். நாற்பது ஆண்டுகளாக எண்ணைப் பார்த்தே சலங்கையா, தண்டையா என்று சொல்லிப் பழகியவர் அவர். டிசைன் பெயரை லேபிளின் மறுபாதியில் தமிழிலேயே அச்சிடுகிறேன் என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். எண் இப்போது 10000001இல் தொடங்குகிறது. அதற்கு எந்தப் பொருளும் இல்லை. பூஜ்யத்தில் தொடங்காததற்குக் காரணம் உண்டு. முதலில் 00000001 என்றுதான் தொடங்கியிருந்தேன். நெடுவரிசையை எழுத்து வடிவில் வைத்திருந்ததால் விரிதாளுக்குள் பூஜ்யங்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்ததை என் தம்பி இரட்டைச் சொடுக்கில் திறந்து, ஓர் எடையைத் திருத்திச் சேமித்தபோது முன்னால் இருந்த பூஜ்யங்கள் அத்தனையும் மறைந்துவிட்டன. 1இல் தொடங்கும் எண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை.

சுட்டியால் இழுத்து வரைவதையும் அப்போதே விட்டுவிட்டேன். இத்தகைய பிரிண்டர்களுக்குச் சொந்தக் கட்டளை மொழி உண்டு. லேபிளின் அளவு, இடைவெளி, பார்கோடு தொடங்க வேண்டிய புள்ளி, உயரம், மெல்லிய கோட்டுக்கு எத்தனை புள்ளி, எண் என்ன என்று எழுத்தாக அனுப்பினால் பிரிண்டரே புள்ளி பிசகாமல் கோடுகளை வரைந்துகொள்கிறது. விரிதாளுக்குள்ளேயே சூத்திரத்தால் இந்தக் கட்டளைகளைக் கோத்துப் பார்த்தேன். ஒரே கட்டத்துக்குள் பல வரிகள் இருந்ததால், நகலெடுத்து ஒட்டும்போது மேற்கோள் குறிகள் இரட்டித்து, பிரிண்டர் வெறும் லேபிள்களாக இருபதைத் தள்ளியது. பிறகு பைத்தானில் முப்பது வரி நிரல் ஒன்று எழுதினேன். அது சிஎஸ்வி கோப்பை வரிசை வரிசையாக வாசித்துக் கட்டளைக் கோப்பு ஒன்றை உருவாக்கும். அதைப் பிரிண்டருக்கு அப்படியே அனுப்பினால் போதும். பாதி லேபிள் 260 புள்ளி, பார்கோடு 158 புள்ளி. ஆகவே 51ஆவது புள்ளியில் தொடங்கினால் இரு புறமும் 6 மில்லிமீட்டருக்கு மேல் வெற்றிடம் கிடைக்கிறது. கோட்டின் உயரம் 60 புள்ளி, அதாவது 7.5 மில்லிமீட்டர், அதன் கீழே எண்.

தமிழ்ப் பெயர் மிகவும் சோதித்தது. பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. "முத்துச் சலங்கை" என்று அனுப்பினால் பொருளற்ற குறிகள் வந்தன. எங்களிடம் இருப்பவை மொத்தம் 24 டிசைன்கள். ஒவ்வொரு பெயரையும் 192க்கு 40 புள்ளி அளவில் கறுப்பு வெள்ளைப் படமாக்கி, பிரிண்டரின் நினைவகத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டேன். விரிதாளில் டிசைன் எண் 7 என்றிருந்தால் நிரல் ஏழாம் படத்தை அழைக்கும். தடித்த எழுத்துருவில் செய்த முதல் படங்களில் 'லை', 'ணி' போன்ற எழுத்துகளின் சுழிகள் மை நிறைந்து அடைபட்டுப் போயின. மெல்லிய எழுத்துருவில் 24 படங்களையும் மறுபடியும் செய்தேன். இப்போது மாமா கண்ணாடி போடாமலேயே வாசிக்கிறார். அதற்காகச் செலவிட்ட இரண்டு இரவுகளைப் பற்றி எனக்குச் சிறிதும் வருத்தம் இல்லை.

ரிப்பன் விஷயத்திலும் நிறைய லேபிள்கள் வீணாயின. பிரிண்டரோடு மெழுகு ரிப்பன் ஒன்று கிடைத்தது. அது காகிதத்துக்கு ஏற்றது. பாலியெஸ்டரில் கட்டைவிரலால் நான்கு முறை தேய்த்தால் கோடுகள் மங்கிவிட்டன. கறுத்துப்போன கொலுசை நாங்கள் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவுவது வழக்கம் என்பதால் லேபிளும் அதைத் தாங்க வேண்டும். ரெசின் ரிப்பன் வாங்கி, அதே தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு கோடும் கலையவில்லை. ரெசினுக்குச் சூடு அதிகம் வேண்டும். வேகத்தை நொடிக்கு 2 அங்குலமாகக் குறைத்து, அடர்த்தியை 8இலிருந்து 12க்கு ஏற்றிய பிறகே கோடுகள் முழுமையாக வந்தன. 14இல் வைத்தபோது கோடுகள் தடித்து ஒன்றோடொன்று நெருங்கின. இடையில் ஒரு நாள் எல்லா லேபிள்களிலும் ஒரே இடத்தில் மெல்லிய வெள்ளைக் கீறல் விழுந்தது. அச்சுத் தலையில் ஒட்டியிருந்த தூசியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்ததும் போயிற்று. பாலிஷ் தூள் பறக்கும் இடத்தில் பிரிண்டரை வைத்தது என் பிழை; இப்போது அது கணக்கு அறையில் இருக்கிறது.

எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெள்ளித் தொழிலில் இதுதான் பணம். முதல் 150 ஜோடிகளுக்கு லேபிளை மாட்டிவிட்டு, பிறகு எடை போட்டோம். வேலை எளிதாக இருந்தது. மாலையில் சந்தேகம் வந்து 100 லேபிள்களை ஒன்றாகத் தராசில் வைத்தேன்; 17 கிராம் காட்டியது. ஒரு லேபிள் 0.17 கிராம். ஒரு ஜோடியில் அது ஒன்றுமில்லை. இரண்டாயிரம் ஜோடிகளில் 340 கிராம் வெள்ளி இல்லாமலேயே கணக்கில் ஏறியிருக்கும். அந்த 150 ஜோடிகளின் லேபிள்களையும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் எடை போட்டோம். இப்போது வரிசை இதுதான்: முதலில் வெறும் கொலுசு தராசில், எடை விரிதாளில், அதன் பிறகு லேபிள்.

செலவு விவரம்: 2,000 லேபிள் கொண்ட சுருள் 640 ரூபாய், 74 மீட்டர் ரெசின் ரிப்பன் 450 ரூபாய். ஒரு லேபிளுக்கு இடைவெளியோடு 18 மில்லிமீட்டர் ரிப்பன் போவதால் ஒரு ரிப்பனில் ஏறத்தாழ 4,100 லேபிள்கள் அச்சாகும். இரண்டையும் சேர்த்தால் ஒரு ஜோடிக்கு 43 பைசா. பழைய அட்டையும் நூலும் இதைவிட மலிவுதான். ஆனால் அவற்றை எழுதிக் கட்டும் நேரத்தை நாங்கள் கணக்கில் சேர்த்ததே இல்லை.

அடுத்த முறை செய்தால் எட்டாவது இலக்கத்தைச் சரிபார்ப்பு இலக்கமாக வைப்பேன். பார்கோடுக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு இருப்பதால் ஸ்கேனர் தவறாக வாசிப்பது மிக அரிது. ஆனால் லேபிள் கசங்கி எண்ணைக் கையால் தட்டும்போது அது உதவாது. ஒருமுறை இரண்டு இலக்கங்கள் இடம் மாறி வேறொரு ஜோடியின் எடைக்குப் பில் போட்டுவிட்டோம். எண் முழுவதும் ஏற்கெனவே லேபிளாகிவிட்டதால் இப்போது மாற்ற முடியாது. அதுவரை, கையால் தட்டினால் திரையில் டிசைன் பெயரும் நீளமும் பெரிதாகத் தெரியும்படி செய்திருக்கிறேன். லேபிளோடு ஒப்பிட்ட பிறகே பில் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்குக்கு வருகிறேன். விரிதாளில் 2,149 வரிசைகள் இருந்தன. ஸ்கேனர் விசைப்பலகை போலவே எண்ணைத் தட்டி என்டர் விசையையும் அழுத்திவிடுவதால், ஒருவர் கொலுசை எடுத்துத் தர மற்றவர் வாசித்துக்கொண்டே போகலாம். வாசித்தவை 2,147. ஓர் எண் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணும் கவுண்டிஃப் சூத்திரத்தை ஓட்டியதில் மூன்று எண்கள் வாசிக்கப்படாமலும் ஓர் எண் இரண்டு முறை வாசிக்கப்பட்டும் இருந்தன. வாசிக்கப்படாத இரண்டு ஜோடிகள் மாமாவின் மாதிரிப் பெட்டியில், கேரளப் பயணத்துக்காகக் கட்டி வைத்தபடியே இருந்தன. மூன்றாவதைத்தான் தேட வேண்டியிருந்தது. அச்சிட்ட நேரத்தைக் குறிக்கும் நெடுவரிசையைப் பார்த்தபோது, ஒரு மாலையில் ரிப்பன் சிக்கி நின்றதும் நான் ஐம்பது லேபிள்கள் கொண்ட அந்தத் தொகுதியை மறுபடியும் முதலிலிருந்து அனுப்பியதும் தெரிந்தது. முதல் ஓட்டத்தில் வெளிவந்திருந்த லேபிள் ஒன்றை யாரோ கீழே கண்டெடுத்து அடுத்த ஜோடிக்கு மாட்டியிருக்கிறார்கள். ஒரே எண் கொண்ட இரண்டு ஜோடிகளையும் பெட்டியிலிருந்து எடுத்து, லேபிள்களை வெட்டிவிட்டுத் தராசில் வைத்தோம். ஒன்று அந்த எண்ணுக்கு உரிய எடையை அப்படியே காட்டியது, மற்றது 43.86 கிராம், காணாமல் போன எண்ணுக்கு எதிரே விரிதாளில் இருந்த அதே 43.86. இரண்டுக்கும் புதிய லேபிளை அச்சிட்டு அக்காவிடம் கொடுத்தேன்.